வில்லன் போட்ட கோட்

படக்கதையின் புதிய இதழ் கடைக்கு வருவதற்கு முன்பே அதை வரைந்த மையக்காவைக் கரித்துக்கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பதிப்பகம் அட்டைப்படத்தை மட்டும்தான் இணையத்தில் போட்டிருந்தது. அதில் கூரைக்காரன் ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் குந்தி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பல் நிற மேலங்கி காற்றில் பறந்தது, கீழே ஜன்னல்களில் விளக்கு எரிந்தது, எல்லாம் இருந்தது. தாடைதான் இல்லை. அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது; மனுஷனாகப் பிறந்த எவனுக்கும் இருக்கிற அளவுக்கு ஒன்று இருந்தது. அது போதாதாம். செங்கல்லைச் செருகி வைத்தது போன்ற தாடையைப் பார்த்தே வளர்ந்த ரசிகர்களுக்கு இது தொண்டைக்குள் இறங்கவில்லை. ‘தாடை எங்கே?’ என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதினார். அதற்குக் கீழே வந்தவர்கள் எல்லாம் அதையே எழுதிவிட்டுப் போனார்கள்.

கூரைக்காரன் மாதாமாதம் வரும் ஒரு படக்கதையின் நாயகன். பகலில் வீடுகளின் கூரை ஒழுகலை அடைப்பான். இருட்டியதும் அதே கூரைகளின் மேல் தாவி ஓடிக் கெட்டவர்களைப் பிடிப்பான். முதல் இதழிலிருந்து அவனை வரைந்தவர் ஒருவரே. பதிப்பகத்தில் அவரைப் பெரியவர் என்பார்கள். அவர் பென்சிலால் வரைந்து தருவார். அந்தக் கோடுகளின் மேல் தூரிகையால் மை ஏற்றி அச்சுக்குத் தயாராக்குவது மையக்காவின் வேலை. பெயரே அதனால் வந்ததுதான். கண் மங்கிவிட்டது, இனி ஒரு கோடு போடமாட்டேன் என்று பெரியவர் மகள் வீட்டோடு போய்விட, அவருடைய நாற்காலி மையக்காவிடம் வந்தது. அட்டையின் ஓரத்தில் ‘ஓவியம்: மை’ என்று அச்சாகியிருந்தது. இந்த மை ஆணா பெண்ணா, கிழமா இளசா என்று ரசிகர்களுக்குத் தெரியாது. தெரியாததால் ‘அந்த ஆள்’ என்றே திட்டினார்கள்.

திட்டு வாங்குவதில் மையக்காவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவள் கவலை வேறு. விற்பனை சரிந்துகொண்டே வருகிறது, இந்த இதழையும் ரசிகர்கள் தள்ளிவிட்டால் வேறு ஓவியர் தயாராக இருக்கிறார் என்று பதிப்பாசிரியர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அப்படி ஆனாலும் வேலைக்கு ஆபத்தில்லை, பழையபடி மை போடலாம் என்று கூடவே ஆறுதலும் சொன்னார். அந்த ஆறுதல்தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்தவர் கோட்டின் மேலேயே இத்தனை காலம் நடந்து வந்தவள், முதல்முறையாகத் தன் கோட்டில் நடக்கிறாள். அதுவும் ஒரே இதழோடு போய்விடுமோ என்று பயந்தாள். நன்றாகவே பயந்தாள்.

உண்மையைச் சொன்னால், பெரியவர் காலத்திலேயே அவளுக்கென்று ஒரு மூலை இருந்தது. கூரைக்காரனுக்கு ஓர் அக்கா உண்டு. இதழுக்கு ஒரு கட்டத்தில், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, தம்பி கிழித்துக்கொண்டு வந்த மேலங்கியைத் தைத்துக்கொண்டிருப்பாள். “சாப்பிட்டியா?” என்பாள். அதோடு சரி. சண்டையில்லாத கட்டமென்றால் பெரியவருக்கு அலுப்பு. முகத்துக்கு ஒரு முட்டையைப் போட்டு, ‘அக்கா’ என்று எழுதி, “இத நீயே பாத்துப் போட்டுக்கம்மா” என்று தள்ளிவிடுவார். மையக்கா மேசையில் கிடக்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துத் தன் மூஞ்சியையே பார்த்து அந்த முட்டையை நிரப்புவாள். பார்த்து வரைய வேறு மூஞ்சிக்கு அவள் எங்கே போவாள்? யாரும் கண்டுகொண்டதில்லை. தம்பியைப் பார்க்கவே நேரம் போதாதவர்கள் அக்காவை எதற்குப் பார்க்கப் போகிறார்கள்.

இப்போது வில்லனுக்கு வருவோம். கொஞ்ச காலமாகக் கதையில் ஒரு மர்ம ஆசாமி நடமாடிக்கொண்டிருந்தான். நீளக் கோட் போட்டவன். கூரைக்காரன் எங்கே போனாலும் அவனுக்கு முன்னால் அங்கே போய் நிற்பான். பெரியவர் அவனை முதுகுப் பக்கமாகவும் நிழலாகவும் மட்டுமே காட்டியிருந்தார். அவன் யார் என்பது கதாசிரியருக்கு மட்டுமே தெரியும் என்று பேச்சு. கதாசிரியர் லேசுப்பட்டவர் இல்லை. வேறொரு கதையில், தான் எழுதாத ஒரு பூனை படத்தில் வந்துவிட்டதற்காக ஒரு ஓவியரை ஓட ஓட விரட்டியவர். இந்த இதழுக்கு அவர் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: கோட் போட்ட உருவம் முதல்முறையாக முன்பக்கமாக வந்து நிற்கிறது, முகத்தைத் துணி மூடியிருக்கிறது, முழுப் பக்கம்.

மையக்காவின் வீட்டுக்காரர் ஊர்விட்டு ஊர் போகும் பேருந்து ஓட்டுகிறவர். குளிருக்கென்று கம்பெனி அவருக்கு முழங்காலைத் தாண்டும் கோட் ஒன்று கொடுத்திருந்தது. பெரிய பெரிய பித்தளைப் பொத்தான்கள். மையக்கா அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு துண்டால் மூக்கு வரை மூடிக்கொண்டு, அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றாள். அப்படியே பார்த்து வரைந்தாள். வரைந்து முடித்ததும், படம் வரைகிற எல்லோரும் செய்வதைச் செய்தாள்: தாளைத் தூக்கிக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தாள். ஒரு தோள் ஏறியிருந்தாலோ ஒரு கண் இறங்கியிருந்தாலோ கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் சரியாக இருந்தது. படத்தைக் கொடுத்துவிட்டாள்.

இதழ் வந்த சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரர் அவளை எங்கும் போக வேண்டாம் என்றார். திட்டுகிறவன் வீட்டிலிருந்தே திட்டட்டும், நாம் ஏன் நேரில் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான். ஆனால் பரீட்சை எழுதியவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளுமா? அவருக்கு அன்று விடுமுறை; கோட் ஆணியில் தொங்கியது; வெளியே நல்ல குளிர். அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

படக்கதைக் கடை ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதே சத்தம் கேட்டது. உள்ளே கால் வைக்க இடமில்லை. கையில் இதழோடு நின்றவர்கள் பாதிப் பேர், அலமாரி மேல் சாய்ந்தவர்கள் பாதிப் பேர். நடுவே ஒரு பருத்த மனிதர், கழுத்தில் பட்டுத் துணி சுற்றிக்கொண்டு, பெஞ்சின் மேலேயே ஏறி நின்றிருந்தார். கடைவீதியில் கோட்டும் சூட்டும் விற்கிறவர். கோட்டுக்கடை என்றால் அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எதைப் பற்றிப் பேசினாலும் துணியில் கொண்டுவந்து முடிக்கிற ஆள் என்பதால், அவர் வாயைத் திறந்தாலே மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அன்று யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மையக்கா பழைய இதழ்கள் இருந்த கடைசி அலமாரிப் பக்கம் போய் ஒதுங்கி நின்று, ஒரு புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். காது மட்டும் பெஞ்சில் இருந்தது.

“முழுப் பக்கத்த எடுங்க. போட்டிருக்கிற ஆளுக்குப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. இடப்பக்கம். ஆம்பளைக் கோட்டுல வலப்பக்கம்தான் இருக்கும். பொம்பளைக் கோட்டுலதான் இடப்பக்கம். வில்லன் வில்லன்னு இத்தன நாளா தேடுறீங்களே, அது ஆம்பளையே இல்ல” என்றார் கோட்டுக்கடை.

எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கத்தைப் புரட்டினார்கள். ஒருவர் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார், ஒரு பெண் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள், பக்கத்தில் நின்றவர்கள் இரண்டையும் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம், ஆமாம் என்று குரல் எழுந்தது.

மையக்காவும் குனிந்து பார்த்தாள். தான் போட்டிருந்த கோட்டைப் பார்த்தாள். பித்தளைப் பொத்தான்கள் வரிசையாக வலப்பக்கம் மின்னின. பக்கத்து ஆள் கையிலிருந்த இதழைப் பார்த்தாள். அங்கே இடப்பக்கம். கண்ணாடியைப் பார்த்து வரைந்தால் இடம் வலம் மாறும் என்பது தூரிகை பிடித்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம். மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான். அவள் மாற்றிப் போடவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பிறகு கண்ணில் பட்டிருக்கும். படத்தைத் திரும்பவும் கண்ணாடியில் காட்டிச் சரிபார்த்தாளே, அங்கேதான் மோசம் போனாள். கண்ணாடி புரட்டிய படத்தை இன்னொரு முறை கண்ணாடி புரட்டினால், நேராகத்தானே தெரியும்?

கூட்டம் அதற்குள் எங்கேயோ போய்விட்டது. பெண் என்றால் யார் பெண்? கதையில் வருகிற நகரசபைத் தலைவியா, பத்திரிகைக்காரியா, போலீஸ்காரரின் மனைவியா? ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோஷ்டி கிளம்பியது. மருத்துவமனை உடுப்பைக்கூட மாற்றாமல் வேலை முடிந்து நேரே வந்திருந்த ஒரு நர்ஸ் பெண்தான் கையைத் தூக்கி, கூரைக்காரன் எங்கே போகிறான் என்று ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே தெரிந்த பெண் யார் என்று கேட்டாள். அவன் மேலங்கியைத் தைத்துக் கொடுத்து அனுப்புகிறவள் யார்? அந்த மாதிரி ஒரு கோட்டைத் தானே தைத்துக்கொள்ளத் தெரிந்தவள் யார்?

“அக்கா” என்றது கடை மொத்தமும்.

மையக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்துப் புத்தகத்தை இறக்கிவிட்டாள். நர்ஸ் பெண் அவளைப் பார்த்துவிட்டாள். மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கிட்டே வந்தாள். வில்லன் வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்களா, அதே கோட் எங்கே கிடைத்தது என்று பொத்தானைத் தடவிப் பார்த்தாள். கூட்டம் திரும்பியது. கோட்டுக்கடை பெஞ்சிலிருந்து இறங்கி வந்து சுற்றிலும் நடந்து பார்த்தார்.

“எல்லாம் சரிம்மா. ஆனா பொத்தான்ல கோட்டை விட்டுட்டீங்க. படத்த ஒழுங்கா பாக்கல நீங்க. நாளைக்குக் கடைக்கு வாங்க, மாத்தித் தைச்சுத் தரேன்.”

சரிங்க என்றாள் மையக்கா. வேறு என்ன சொல்வாள்? படத்தைப் பார்க்காமல்விட்ட குற்றத்துக்காகத் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினாள். இறங்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அங்கே நின்ற அத்தனை நேரத்தில் ஒருவர்கூடத் தாடையைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் அந்த நினைப்பு தெருமுனை வரைகூட வரவில்லை. ரசிகர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், சரி. அவர்கள் சந்தோஷப்படுவது ஒரு பிழையை நம்பி. வில்லன் ஒரு ஆண் என்று கதாசிரியர் எழுதி வைத்திருந்தால்? ஒரு பூனைக்கே ஓவியரை விரட்டியவர், ஒரு முழு வில்லனை மாற்றியவளை விட்டுவைப்பாரா? மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மறைத்தால் அடுத்த இதழில் பொத்தானை எந்தப் பக்கம் போடுவது? அவள் நேரே பதிப்பகத்துக்கு நடந்தாள்.

பதிப்பாசிரியர் தொலைபேசியை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். கடைகள் எல்லாம் இன்னும் வேண்டும் என்று கேட்கின்றன, மறுபடியும் அச்சடிக்கச் சொல்லியாயிற்று என்று அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போக, மையக்கா நாற்காலியில் உட்காராமலே விஷயத்தைப் போட்டு உடைத்தாள். கோட், கண்ணாடி, திரும்பவும் கண்ணாடி. பதிப்பாசிரியர் முகத்திலிருந்து சந்தோஷம் மெல்ல வடிந்தது. அவர் தொலைபேசியை வைத்துவிட்டு, கதாசிரியர் வந்துகொண்டிருக்கிறார் என்றார். காலையிலேயே பேசினாராம். குரல் ஒரு மாதிரி இருந்ததாம்.

“பொத்தான் தானா அப்படி வந்துடுச்சுன்னு சொல்லலாமாக்கா? அச்சகத்து மேல போட்டுடலாம்” என்றார் பதிப்பாசிரியர்.

“வேண்டாம். நான்தான் போட்டேன். நானே சொல்லிடறேன்” என்றாள் மையக்கா.

கதாசிரியர் உள்ளே வந்தார். ஒடிசலான மனிதர், எப்போதும் கோபத்தில் இருக்கிற புருவம். கையில் இதழைச் சுருட்டிப் பிடித்திருந்தார். யாரையும் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்து, விரலால் பொத்தானைத் தொட்டார். இது யார் செய்தது என்று கேட்டார். மையக்கா நின்றபடியே எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். பிழைதான், வேண்டுமென்று செய்யவில்லை, அடுத்த இதழில் சரிசெய்துவிடுகிறேன் என்றாள்.

“கையை வெட்டிடுவேன்” என்றார் கதாசிரியர்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். பிறகு கதவைப் பார்த்தார். அது சாத்தித்தான் இருந்தது.

“வெளிய யாருக்கும் தெரியக் கூடாது. அந்தக் கோட்டுக்குள்ள யாரு இருக்கான்னு எனக்கே தெரியாதும்மா. ஒரு ஆளக் கொண்டுவந்து நிறுத்திட்டேன், யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம்னு. அப்புறம் வரவே இல்ல. மாசாமாசம் ஒரு நெழலக் காட்டி ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன். தூக்கம் போயிடுச்சு.”

இதழுக்கு இதழ் ‘மர்மம் தொடர்கிறது’ என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டவர் பதிப்பாசிரியர்தான். மர்மம் அவ்வளவு ஆழம் என்று அவருக்கும் தெரியாது.

கதாசிரியர் இப்போது அணை திறந்தாற்போல் பேசினார். காலையில் ரசிகர்கள் இணையத்தில் எழுதியதைப் படித்தாராம். அக்கா என்று ஒருத்தி எழுதியிருந்ததைப் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாராம். தம்பி எங்கே போகிறான் என்று தெரிந்தவள், அவன் அடிபட்டு வரும்போதெல்லாம் தைத்துக் கொடுத்தவள், இவன் நிறுத்தவே மாட்டான் என்று புரிந்துகொண்டவள். அவனை வீட்டோடு இருக்கவைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால்தான் எதிரில் வந்து நிற்கிறாள். எல்லாம் முதல் இதழிலிருந்தே இருக்கிறது, தான்தான் திரும்பிப் பார்க்கவில்லை என்றார். அந்தப் புருவம் இறங்கியதை மையக்கா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

“தூங்கிட்டு வந்து எழுதறேன். நீ பொத்தான மட்டும் மாத்திடாத. அடுத்த இதழ்ல துணி விலகுது, மொகம் தெரியுது. அக்கா மூஞ்சி யாருக்கும் சரியா ஞாபகம் இருக்காது, பழைய இதழ எல்லாம் எடுத்துப் பாத்துக்கோ” என்றார்.

“பாக்க வேண்டாம் சார். அது மட்டும் என் கைதான், ஆரம்பத்துல இருந்தே” என்றாள் மையக்கா.

வேறு ஓவியரைப் பற்றி அன்று பேச்சே எழவில்லை. கிளம்பும்போது அவளாகவே கேட்டதற்கு, எந்த ஓவியர் என்றார் பதிப்பாசிரியர். தெருவுக்கு வந்ததும் மையக்கா பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போய்விட்டது. குளிர் அப்படியே இருந்தும் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, வழியில் இருந்த கடைகளின் கண்ணாடிகளில் எல்லாம் தன்னைப் பார்த்தபடியே வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டுக்குப் போனதும் காத்திருக்க முடியவில்லை. கதாசிரியர் தூங்கட்டும், எழுதட்டும்; அந்த ஒரு கட்டம் எப்படியும் வரத்தான் போகிறது. கோட்டைத் திரும்பவும் மாட்டிக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றாள். பொத்தான் இடப்பக்கமே இருக்கட்டும் என்று அதன் போக்கில் விட்டாள். பிறகு துண்டை மூக்கிலிருந்து கீழே இழுத்தாள். சின்ன முட்டைக்குள் அடங்கிக் கிடந்த மூஞ்சி, இந்தமுறை தாள் முழுக்க விரிந்தது. கண், மூக்கு, சற்றே அழுத்தமாக மூடிய வாய். தாடைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்தாள். கேட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டியதுதானே.

சாயங்காலம் வீட்டுக்காரர் காப்பித் தம்ளரோடு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். படக்கதை என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது; கூரைக்காரன் யார், போலீஸ்காரன் யார் என்றுகூடப் பிரித்துச் சொல்லமாட்டார். ஆனாலும் தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

“இந்தப் பொம்பளைய எங்கயோ பாத்திருக்கேனே” என்றார்.

“பாத்திருப்பீங்க. இவ்வளவு நாளா மூலையில உக்காந்துக்கிட்டு இருந்தா” என்றாள் மையக்கா.

அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தம்ளரை அவள் கையில் கொடுத்தார். பிறகு, கோட் நாளைக் காலையில் தனக்கு வேண்டும் என்று மட்டும் ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்.